மருவை டாக்டரிடம் எடுப்பது எப்படி: கழுத்து, விரல், பாதம் எல்லாவற்றுக்கும் ஒரு முழு வழிகாட்டி

என் வலது கை ஆள்காட்டி விரலில், நகத்தை ஒட்டி, ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. மிளகு அளவுகூட இல்லாத ஒரு மருவை எடுக்கப்போய் வந்தது அது. எடுத்தவர் டாக்டர் இல்லை, பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நானேதான். வெற்றிலைச் சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து வைத்தால் உதிர்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார், வைத்தேன், மரு உதிர்ந்தது, கூடவே சுற்றியிருந்த தோலும் உதிர்ந்தது, மூன்று மாதம் கழித்துத் தழும்பின் ஓரத்திலேயே மரு மறுபடி முளைத்துக்கொண்டு நின்றது.

அதற்கப்புறம் இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேர் டாக்டரிடம் போய் மரு எடுத்தாகிவிட்டது. அம்மாவுக்குக் கழுத்தில், தம்பிக்குத் தாடியில், எனக்குப் பாதத்தில். மூன்றும் மூன்று விதம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எடுக்கிற வேலை என்னவோ பத்து நிமிடம்தான். இது என்ன என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் போகிறோம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

1. முதலில் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்

தோலில் துருத்திக்கொண்டிருக்கும் எதையும் மரு, பாலுண்ணி என்று இரண்டே பெயரில் நாம் அடக்கிவிடுகிறோம். டாக்டருக்கு அது நாலைந்து வேறு விஷயங்கள்.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, கண்ணிமை, மார்புக்குக் கீழே என்று தோல் தோலோடு உரசுகிற இடங்களில், மெல்லிய காம்பில் தொங்குகிற மாதிரி, தொட்டால் மெத்தென்று இருப்பது வெறும் தோல் தொங்கல். இது யாருக்கும் ஒட்டாது. உடல் பருமன், சர்க்கரை, கர்ப்பம் இவற்றோடு அதிகம் வரும்.

விரல், முழங்கை, முகம், பாதத்தில், சொரசொரவென்று, சில சமயம் காலிஃபிளவர் பூ மாதிரி இருப்பது வைரஸ் மரு. எச்.பி.வி. என்கிற வைரஸ் குடும்பத்தில் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, அதில் சில செய்கிற வேலை இது. ஒட்டும். அடுத்தவருக்கு மட்டும் இல்லை, உங்கள் உடம்பிலேயே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கும் ஒட்டும். தம்பி கதை இதுதான். தாடையில் ஒன்றே ஒன்று இருந்தது, அதன் மேலேயே தினமும் ரேசரை ஓட்டினான், இரண்டு மாதத்தில் பதினேழு ஆகிவிட்டது. மரு இருக்கும் இடத்தில் சவரம் செய்யாதீர்கள், சலூனில் செய்தால் புது பிளேடு போடச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கு முத்து மாதிரி பளபளவென்று, நடுவில் தொப்புள் போலக் குழியோடு கூட்டமாக வருவது வேறொரு வைரஸ். மருத்துவத்தில் அதற்கு மொல்லஸ்கம் என்று பெயர். நடுத்தர வயதுக்கு மேல் கன்னத்தில் கடுகு தூவிய மாதிரி கறுப்பாக வருபவை இன்னொரு வகை, அவை ஒட்டாது, பரம்பரையாக வரும், ஆபத்தும் இல்லை.

பாதத்தில் வந்தால் கால் ஆணியா மருவா என்கிற குழப்பம் வரும். நான் ஏழு மாதம் கால் ஆணி என்றே நம்பி, மருந்துக்கடையில் கார்ன் கேப் என்கிற ஆசிட் பிளாஸ்திரி வாங்கி ஒட்டி, குளித்தபின் பிளேடால் சீவிக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: நேராக மேலிருந்து அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் பெரும்பாலும் ஆணி, இரண்டு பக்கத்திலிருந்தும் கிள்ளுகிற மாதிரி அழுத்தினால் வலித்தால் பெரும்பாலும் மரு. பாதத்து ரேகைகள் ஆணிக்கு மேலே தொடர்ந்து ஓடும், மருவைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகும்.

இவற்றில் சேராத சில உண்டு. அவசரமாகக் காட்ட வேண்டியவை அவைதான். நிறம் ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாக இருப்பது, ஓரம் கோணலாக இருப்பது, பென்சில் பின்பக்கத்தைவிட, அதாவது 6 மில்லிமீட்டரைவிடப் பெரிதாகிக்கொண்டே போவது, தானாக ரத்தம் கசிவது, ஆறாத புண்ணாக இருப்பது. நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலுக்கு மச்சப் புற்றுநோய் அரிதுதான், ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான் பெரும்பாலும் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்துக்குக் கீழே வந்தது அதுதான். 1981-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பாதத்தில் புதிதாக ஒரு கறுப்புத் திட்டு வந்து வளர்ந்தால் அதற்குக் கார்ன் கேப் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

2. டாக்டரைப் பார்க்கும்வரை அதன் மேல் எதையும் வைக்காதீர்கள்

சுண்ணாம்பும் சலவை சோடாவும் ஏன் தோலை அரிக்கிறது என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகும். கழிவறை அடைப்பு எடுக்கிற தூளில் இருக்கிற அதே சாமான். அதற்கு மரு எது, நல்ல தோல் எது என்று தெரியாது, எங்கே வைத்தாலும் தின்றுகொண்டே போகும்.

குதிரை வால் முடியைக் கட்டுவது, தலைமுடியைச் சுற்றி இறுக்குவது எல்லாம் முழு மூடநம்பிக்கை இல்லை. ரத்தம் போகாமல் காம்பு காய்ந்து விழும், அவ்வளவுதான் கணக்கு. மெல்லிய காம்புள்ள தோல் தொங்கலில் சில நேரம் பலிக்கும். காம்பு தடியாக இருந்தால் பாதி செத்துப் பாதி வீங்கி, சீழ் பிடித்து, கடைசியில் டாக்டரிடம்தான் வரவேண்டியிருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் இந்த விளையாட்டே வேண்டாம். அம்மான் பச்சரிசிச் செடியின் பாலை வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய வம்பு, இமை மேல் இருக்கும் மருவுக்கு அதைத் தொட்டு வைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கோயிலுக்கு வேண்டிக்கொள்வதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. வைத்தீசுவரன் கோயிலில் உப்பும் மிளகும் போடுவதாக எனக்கும் வேண்டிக்கொண்டார்கள், போய்ப் போட்டுவிட்டும் வந்தோம். குழந்தைகளுக்கு வருகிற வைரஸ் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒன்றுமே செய்யாவிட்டாலும் 2 வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி வைரஸைக் கண்டுகொண்டு விரட்டிவிடும். உப்பும் மிளகும் தோலை அரிக்காது என்கிற வகையில் அத்தையின் வைத்தியத்தைவிட அது எவ்வளவோ மேல்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசுவதும் வேண்டாம். கேட்டவுடன் எடுத்துத் தருகிற களிம்புகளில் நிறைய ஸ்டீராய்டு கலந்தவை. அது அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், வைரஸ் மருவுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை.

3. யாரிடம் போவது

போர்டில் எம்.டி. அல்லது டி.என்.பி. என்று இருந்து, பக்கத்தில் டி.வி.எல். என்றோ தோல் மருத்துவம் என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். டிப்ளமோ படித்தவர்களுக்கு டி.டி.வி.எல். அல்லது டி.வி.டி. என்றிருக்கும். டி.வி.எல். என்கிற மூன்று எழுத்துக்கு விரிவு தோல், பால்வினை, தொழுநோய். போர்டில் இதைத் தமிழில் எழுதியிருப்பதாலேயே எங்கள் அம்மா வாசல்வரை வந்துவிட்டு, "இங்கயா? தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்க?" என்று திரும்பி நடக்கப் பார்த்தார். மூன்றும் ஒரே படிப்பு, அதனால் ஒரே போர்டு, அவ்வளவுதான்.

காஸ்மெடிக் கிளினிக் என்று மட்டும் போட்டு, டாக்டர் பெயரே இல்லாத இடத்தில் ஜாக்கிரதை. அழகு நிலையங்களில் சின்ன எந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு மரு எடுக்கிறோம் என்கிறார்கள். தம்பி முதலில் போனது அப்படி ஓர் இடத்துக்குத்தான். ஊசி மாதிரி இருந்த நுனியைப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு வைத்தார்கள், அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டான், அவன் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். ரத்தம் படுகிற நுனி, ஹெபடைட்டிஸ் பி போன்றவை பரவ அது போதும். அதோடு, அவர்கள் எதைச் சுடுகிறோம் என்று தெரிந்து சுடுவதில்லை. சந்தேகமான மச்சத்தைச் சுட்டுவிட்டால் அப்புறம் பரிசோதனைக்கு அனுப்ப மிச்சம் ஒன்றும் இருக்காது.

காசு இடிக்கிறது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தோல் பிரிவு இருக்கும், காலையில் ஓ.பி. சீட்டு போட்டுவிட்டு வரிசையில் உட்கார வேண்டும். மருவை மின்சாரத்தால் சுட்டு எடுக்கிற கரண்ட் வைத்தியம், தனியார் கிளினிக்கில் செய்கிற அதேதான் அங்கேயும். முதல் நாள் பார்ப்பார்கள், எடுப்பதற்குப் பெரும்பாலும் இன்னொரு நாள் சொல்வார்கள், எனவே இரண்டு காலைப்பொழுதை ஒதுக்கிக்கொண்டு போங்கள். கையில் தண்ணீர் பாட்டிலும் பொறுமையும் வேண்டும்.

4. கிளம்பும் முன்

அந்த இடத்தில் நக பாலிஷ், பவுடர், மஞ்சள், களிம்பு எதுவும் வேண்டாம். மஞ்சள் பூசிய கழுத்தில் நிறத்தைப் பார்க்கவே முடியாது. கழுத்து என்றால் காலர் இல்லாத, முன்பக்கம் திறக்கிற உடை, பாதம் என்றால் மறுபடி போட்டுக்கொள்ளத் தோதாக லூசான செருப்பு. மரு எப்போது வந்தது, எப்படி வளர்ந்தது என்று காட்ட மொபைலில் பழைய படம் இருந்தால் பெரிய உதவி. அம்மாவுடையதைக் காட்ட நான் ஒரு கல்யாண ஆல்பத்தையே துழாவினேன்.

அப்புறம், இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, சர்க்கரை உண்டா, கர்ப்பமா, பல் பிடுங்கியபோது மரத்துப்போகும் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதா, காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்து வளர்ந்ததா. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குக் கரண்ட் எந்திரத்தை அப்படியே வைக்கக் கூடாது, டாக்டர் வேறு வழி பார்ப்பார். தழும்பு தடிக்கிற உடம்பு என்றால் மார்பிலும் தோளிலும் எடுப்பதற்கு முன் அவரே இரண்டு தடவை யோசிப்பார். மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

5. அறைக்குள்: பார்க்க விடுங்கள்

நல்ல டாக்டர் என்றால் அவசரப்பட மாட்டார். விளக்கு வைத்த சின்ன லென்ஸ் ஒன்றைத் தோலில் ஒட்டி வைத்துப் பார்ப்பார், டெர்மாஸ்கோப் என்பார்கள். என் பாதத்தைப் பார்த்தவர் முதலில் சின்னக் கத்தியால் மேல் தோலைச் சீவினார், வலிக்கவே இல்லை, மெழுகு சீவுகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. நான்கைந்து சீவலுக்கு அப்புறம் நிறுத்தி, "பாருங்க" என்று மொபைலில் படம் எடுத்துக் காட்டினார். எள் தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள். ரத்தக் குழாய் நுனிகள் அடைத்துக் கறுத்துப்போனவையாம், ஆணியில் இவை இருக்காது, நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு கெட்டி முளைதான் இருக்கும். ஏழு மாத கார்ன் கேப்புக்கு அந்த ஒரு படத்தில் விடை கிடைத்தது. நல்லவேளை எனக்குச் சர்க்கரை இல்லை. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் அந்த கேப்பை ஒட்டினால் அதில் இருக்கிற ஆசிட் நல்ல தோலையும் புண்ணாக்கிவிடும், வலி தெரியாது என்பதால் புண் ஆழமாகும்வரை ஆளுக்கே தெரியாது.

அம்மா விஷயத்தில் டாக்டர் மருவைவிடக் கழுத்தைத்தான் அதிகம் பார்த்தார். பின்கழுத்து கறுத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்திருந்தது. அதை நாங்கள் அழுக்கு என்று நினைத்து, பீர்க்கங்காய் நாரால் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"அம்மா, சுகர் எப்ப பாத்தீங்க?"

"எனக்கு அதெல்லாம் இல்லைங்க டாக்டர்."

"பாத்துட்டு இல்லைங்கிறீங்களா, பாக்காமயே இல்லைங்கிறீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். மூன்று மாத சராசரி சர்க்கரை 8.1 சதவீதம் என்று மறுநாள் வந்தது. மருவைக் காட்டப் போனவர் மாத்திரையோடு திரும்பினார். கழுத்து கறுத்து, கூடவே தோல் தொங்கல்களும் கொத்தாக வந்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஒரு அறிகுறியாக இருக்கலாம். டாக்டர் சொல்லாவிட்டாலும் நீங்களே கேட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மரு எடுப்பதைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அந்தரங்க இடத்தில் மரு என்றால் வெட்கத்தில் மறைத்துவிட்டுக் கழுத்தை மட்டும் காட்டிவிட்டு வருவார்கள். டாக்டருக்கு அது தினசரி வேலை. துணையையும் பார்க்கச் சொல்வார், பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் சொல்லக்கூடும், அதைச் செய்துவிடுங்கள். பெண் டாக்டர்தான் வேண்டும், கூட நர்ஸ் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

6. எந்த வைத்தியம் என்று முடிவாகும்போது

"எடுத்துடலாம்" என்று டாக்டர் சொன்னவுடன் சரி சரி என்று தலையாட்டாமல் கொஞ்சம் கேளுங்கள். இதன் பெயர் என்ன, எடுக்காமல் விட்டால் என்ன ஆகும், எந்த முறை, எத்தனை தடவை வரவேண்டும், என் தோலில் தழும்போ வெள்ளைத் திட்டோ விழுமா, காசு எண்ணிக்கைக்கா தடவைக்கா. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டு, கண்ணுக்கே தெரியாத புள்ளிகளையெல்லாம் எண்ணி அம்மாவுக்கு நாற்பத்து மூன்று என்று ஒரு கிளினிக்கில் பில் போடப் பார்த்தார்கள். அங்கே எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவக் காப்பீட்டை நம்பாதீர்கள், அழகுக்காக எடுப்பதற்கும் சாதாரண ஓ.பி. செலவுக்கும் பெரும்பாலான பாலிசிகளில் காசு வராது.

தோல் தொங்கலுக்கு, காம்பு மெல்லியதாக இருந்தால் கத்திரிக்கோலால் சட்டென்று நறுக்கிவிடுவார்கள், இல்லையென்றால் கரண்ட் வைத்துச் சுடுவார்கள். நம் ஊரில் அதிகம் நடப்பது இந்தக் கரண்ட் வைத்தியம்தான், கிளினிக்கில் ஆர்.எஃப். என்பார்கள். லேசரிலும் இதே வேலையைச் செய்யலாம், சாதாரணத் தொங்கலுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

வைரஸ் மருவுக்கு முதல் வழி சாலிசிலிக் ஆசிட் கலந்த திரவம். இரவில் வெந்நீரில் ஊறவைத்து, கால் தேய்க்கும் கல்லாலோ உப்புத்தாளாலோ மெல்லத் தேய்த்து, சுற்றிலும் வாசலின் பூசிவிட்டு, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. சுமார் 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும், பாதிப் பேர் மூன்றாவது வாரத்திலேயே விட்டுவிட்டு மருந்து சரியில்லை என்கிறோம். முகத்திலும் அந்தரங்க இடத்திலும் மச்சத்தின் மேலும் இதை வைக்கக் கூடாது. அடுத்தது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி, பஞ்சில் தொட்டோ ஸ்ப்ரே செய்தோ சில விநாடிகள் உறைய வைப்பார்கள். 2, 3 வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போக வேண்டும். நம் நிறத்தில் அது சில நேரம் வெள்ளைத் திட்டை விட்டுவிட்டுப் போகும், மாறப் பல மாதம் பிடிக்கும், அதனால் முகத்தில் என்றால் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறைய மரு, திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சில டாக்டர்கள், குழந்தைகளுக்குத் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா வராமல் போடுகிற எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தையே ஒரு பெரிய மருவுக்குள் கொஞ்சம் போடுவார்கள். எதிர்ப்புச் சக்தி அங்கே திரண்டு வரும்போது வைரஸையும் பார்த்துவிடும், ஊசி போடாத மருக்களும் சேர்ந்து போய்விடுவதுண்டு. தம்பிக்கு அப்படித்தான் போனது. தாடையில் மூன்று ஊசி, 3 வார இடைவெளி, மூன்றாவது ஊசிக்கு அப்புறம் ஒரு நாள் கண்ணாடி பார்த்தபோது காணோம் என்றான்.

குழந்தைக்கு மொல்லஸ்கம் என்றால் டாக்டர் "விட்டுவிடலாம்" என்று சொன்னால் கோபித்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போகாதீர்கள். மாதக்கணக்கில் ஆனாலும் பெரும்பாலும் தானாகவே போகும். துண்டைத் தனியாக வைத்தால் போதும்.

7. எடுக்கிற நாள்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போய், ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுபவர்கள்தான் அதிகம். கரண்ட் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உலோகம் இருக்கக் கூடாது என்று நகையைக் கழற்றச் சொல்வார்கள். அம்மாவுக்கு இதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே தாலியைத் தங்கச் செயினிலிருந்து மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டார், நர்ஸ் அதை ஓரமாக ஒதுக்கிப் பஞ்சு வைத்து மூடிவிட்டார், கழற்றவே இல்லை. முன்கூட்டியே கேட்டால் எதற்கும் வழி இருக்கும்.

மரத்துப்போகும் களிம்பைத் தடவி மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுவார்கள். 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டு ஆரம்பித்தால் "இன்னும் மரக்கல" என்று சொல்லிவிடுங்கள், வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை. பெரிய மருவுக்கு ஊசியாகவே போடுவார்கள். பாதத்தில் போடுகிற ஊசி வலிக்கும், அதைச் சர்க்கரை தடவிச் சொல்ல முடியாது, பத்து விநாடி கட்டில் கம்பியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிட்டால் துடைத்தால் அது முழுவதும் காயும்வரை காத்திருக்க வேண்டும், ஈரத்தோடு கரண்ட் வைத்தால் தீப்பிடிக்கும், அது டாக்டருக்குத் தெரியும். நுனி புதிதா, முறையாகக் கிருமி நீக்கியதா என்று மட்டும் நீங்கள் கேட்கலாம். அப்புறம் காலால் ஒரு பெடலை மிதிப்பார், 'சுர்' என்று சின்னச் சத்தம், கூடவே முடி கருகுகிற வாசனை. அம்மாவுக்கு வலியைவிட அந்த வாசனைதான் பயம். "என்னடா, என் கழுத்தா கருகுது?" என்று கேட்டார். வைரஸ் மருவைச் சுடும்போது வருகிற புகையிலும் வைரஸ் இருக்கலாம், அதனால்தான் டாக்டர் முகக்கவசம் போடுகிறார், கூட வந்தவர்கள் குனிந்து வேடிக்கை பார்க்காதீர்கள்.

சந்தேகப்பட்டு எடுத்தது என்றால் அதைக் குப்பையில் போடாமல் சின்ன டப்பாவில் போட்டு பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்குங்கள். எடுத்தாகிவிட்டதே என்று அதை வாங்காமலே விட்டவர்கள் உண்டு.

8. வீட்டுக்கு வந்தபின்

அன்று சாயங்காலம் கொஞ்சம் எரியும், ஒரு பாராசிட்டமால் போதும். மறுநாள் குளிக்கலாம், தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். கொடுத்த களிம்பை மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய், சாம்பிராணித் தூள் எதுவும் வேண்டாம்.

கறுப்பாகப் பொருக்குத் தட்டும். அரிக்கும். கிள்ளத் தோன்றும், கிள்ளினால் குழி விழும். கழுத்திலும் முகத்திலும் 7, 10 நாளில் தானாக உதிரும், பாதத்தில் 3, 4 வாரம்கூட ஆகும். நான் பாதத்துக்குச் செய்துகொண்ட வாரத்தில் வீட்டில் ஒரு விசேஷம் வைத்திருந்தோம், இரண்டு நாள் முழுக்க நின்றே பந்தி பார்த்தேன், கட்டு ரத்தத்தில் ஊறிவிட்டது. நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் வைத்த இடத்தில் கொப்புளம் வந்தால் பயப்படாதீர்கள், சில நேரம் ரத்தக் கொப்புளமாகவும் வரும், உடைக்க வேண்டாம்.

பொருக்கு உதிர்ந்த இடம் முதலில் ரோஸ் நிறத்தில் இருக்கும், வெயில் பட்டால் கறுத்துவிடும். வெயிலில் போகும் இடமென்றால் சன்ஸ்கிரீன், இல்லையென்றால் துப்பட்டா, தொப்பி. வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், சுற்றிலும் சிவந்து சூடானால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

9. திரும்பி வந்தால்

வைரஸ் மரு திரும்பி வருவது சாதாரணம். கண்ணுக்குத் தெரிவதை எடுத்துவிட்டாலும் சுற்றியுள்ள தோலில் வைரஸ் கொஞ்சம் தங்கியிருக்கலாம். எனக்குப் பாதத்தில் மூன்றாவது மாதம் அதே இடத்தில் இரண்டு எள் புள்ளி தெரிந்தது. இந்தத் தடவை பிளேடை எடுக்காமல் அதே டாக்டரிடம் போனேன், ஆறு வாரம் ஆசிட் மருந்தோடு முடிந்தது. அந்த நாட்களில் வீட்டுக்குள்ளும் குளியலறையிலும் செருப்போடு நடந்தேன், துண்டைத் தனியாக வைத்தேன், கால் தேய்க்கும் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன். எல்லோரும் ஒரே கல்லில்தான் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்கு எடுத்த இடத்தில் எதுவும் திரும்ப வரவில்லை, பக்கத்தில் புதிதாக இரண்டு வந்திருக்கிறது. அதைக் காட்டியபோது டாக்டர் மெஷினைத் தொடவே இல்லை, சர்க்கரை ரிப்போர்ட்டைத்தான் கேட்டார். 6.9. "அதுங்க அப்படியே இருக்கட்டும், செயின்ல சிக்கினா வாங்க" என்று அனுப்பிவிட்டார், அதற்குக் காசும் வாங்கவில்லை.